குண்டு எழுத்துக்கு வருஷ வாடகையா?

கேள்வி: ஓசூரில் குழந்தைகள் துணிக்கடை திறக்கிறோம். 'கண்ணம்மா' என்ற கடைப் பெயரை, முனை உருண்ட குண்டு எழுத்தில் டிசைனர் போட்டுத் தந்தார். ஃபாண்ட் பெயர் பாலூ தம்பியாம். லைசென்ஸுக்கு 12,000 ரூபாய், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா? போர்டு, பில் எல்லாவற்றுக்கும் இதையே வைக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாலூ தம்பி மும்பையில் ஃபாண்ட் வடிவமைக்கும் ஏக் டைப் குழுவின் ஃபாண்ட். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வெளியானது. கூகுள் ஃபாண்ட்ஸில் நீங்களே இறக்கிக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும் இலவசம், புதுப்பிப்பு என்ற பேச்சே கிடையாது. ஃபாண்ட் ஃபைலை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்பது அந்த லைசென்ஸிலேயே இருக்கிறது. பென் டிரைவில் 'ஐயாயிரம் தமிழ் ஃபாண்ட்' என்று விற்கிறார்களே, அவர்களும் இந்த ரகம்தான். இலவசமும் திருட்டு நகலும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். கேட்பாரில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டிசைனர் எழுத்தை இழுத்து வளைத்து, 'ண்'ணை ஒரு பொம்மை முகமாக்கி, சொந்தமாக வரைந்திருந்தால் அது அவர் உழைப்பு. அதற்குக் கூலி கேட்பது நியாயம், பேரம் பேசிக் கொடுங்கள். ஆனால் பில்லில் 'லோகோ வரைந்த கூலி' என்று இருக்க வேண்டும். 'ஃபாண்ட் லைசென்ஸ்' என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயரை டைப் அடித்துக் கலர் கொடுத்தது வரைந்ததில் சேராது.

சரி, போர்டுக்கு இந்த எழுத்து அருமை. சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் வெட்டு மெஷினில் அக்ரிலிக் வெட்டும்போது, வெட்டும் பிட் உருண்டையாக இருப்பதால் உள்மூலைகள் எப்படியும் மழுங்கித்தான் வரும். முதலிலேயே உருண்ட எழுத்துக்கு அது குறையாகத் தெரியாது. ஆனால் புள்ளியைக் கவனியுங்கள். தனித்தனியாக வெட்டி ஒட்டும் எழுத்தில் புள்ளி ஒரு தனித் துண்டு. டேப்பில் ஒட்டினால் வெயிலுக்கு விழும், உங்கள் கடை 'கணணமமா' ஆகிவிடும். புள்ளிகளை உலோகக் குச்சி (pin) வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். போர்டில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்று அளவு பார்க்க ஆள் வருவார்கள். புள்ளி இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை! கன்னடத்திலும் பெயர் வைப்பதாக இருந்தால் இதே குடும்பத்தில் பாலூ தம்மா இருக்கிறது, ஜோடி சேரும்.

பில்லுக்கும் விலை டேகுக்கும் இந்தக் குண்டு எழுத்து வேண்டாம். தெர்மல் பிரிண்டரில் சின்னதாக அடித்தால் 'ண', 'ஐ' போன்ற எழுத்துகளின் உள்வளையம் அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும். பாலூ தம்பி 2 என்ற பதிப்பில் மெல்லிய ரெகுலர் வெயிட் உண்டு, அதைப் போடுங்கள்.

கடைசியாக, டிசைனரிடம் கர்வ் செய்த, அதாவது எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றிய, பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். ஃபாண்ட் இல்லாத பிரஸ்ஸில் திறந்தாலும் எழுத்து மாறாது.