கொல்லன் தெருவில் ஊசி

கேள்வி: நானும் எதிர் ஃபிளாட் தோழியும் கம்பளி பின்னுகிறவர்கள். அவர் என்னைவிடத் தேர்ந்தவர். அவர் பிறந்தநாளுக்கு நானே பின்னிய தொப்பியைக் கொடுக்க ஆசை. குறை கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். கடையிலேயே ஒன்று வாங்கிவிடட்டுமா?
– வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: கண்டுபிடிப்பார். கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கத்தான் கூடாது, கொடுக்கத் தடையில்லை. கடைத் தொப்பி கொடுத்தால், 'இதை நானே பின்னியிருப்பேனே' என்றுதான் தோன்றும் அவருக்கு.

அவர் கண் போகும் இடம் தொடக்க ஓரமும் நூல் முனைகளும். ஓரம் இறுகினால் நெற்றியில் தடம் விழும். முதல் வரிசைக் கண்ணிகளை (நூல் வளையங்களை) ஊசியில் ஏற்றும்போது மட்டும் ஓர் அளவு பெரிய ஊசி எடுங்கள். புது நூற்கண்டை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள். என்றாவது அவிழும், இல்லாவிட்டால் வெளியே எட்டிப் பார்க்கும். 15 செ.மீ. வால் விட்டு, மழுங்கிய ஊசியால் உள்பக்கக் கண்ணிகளில் ஒரு திசையில் ஓட்டி, பிறகு எதிர்த்திசையில் திருப்புங்கள்.

அளவில் ஊகம் வேண்டாம். தலை 56 செ.மீ. என்றால் தொப்பி 51 போதும், அது இழுத்துப் பிடிக்கும். முன்னதாகப் பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டை நனைத்துக் காயவைத்த பிறகு எண்ணுங்கள்; 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் 51 செ.மீ.க்கு மொத்தம் 112. நான்கால் வகுபடுவதால் இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று மாறி மாறிப் பின்னும் ரிப், அதாவது இழுத்தால் விரியும் வரிப் பின்னல், பிசகாது. எட்டாலும் வகுபடும், உச்சியில் எட்டு இடங்களில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போகலாம். வட்ட ஊசியில் இணைக்கும்போது வரிசை முறுக்கியிருந்தால் பிரித்துத்தான் ஆகவேண்டும், வேறு வைத்தியம் கிடையாது.

தில்லிக் கடைகளில் 'ஊன்' என்று (இந்தியில் கம்பளி; தமிழ்க் காதுக்குக் கறிக்கடை மாதிரி இருக்கும்) கொடுப்பதில் அக்ரிலிக்கும் உண்டு. ஒரு துணுக்கைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். கம்பளித் தொப்பியை வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கிடத்தி உலர்த்தினால் கண்ணிகள் சீராகும். அக்ரிலிக்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் துவண்டு போகும். ரிப்பின் இழுவை திரும்ப வராது.

கொடுக்கும்போது, 'இங்கே ஒரு கண்ணி பிசகிவிட்டது' என்று நீங்களே காட்டிக்கொடுக்காதீர்கள். மிச்ச நூலில் ஒரு சிறு உருண்டையும் லேபிளும் சேர்த்து வையுங்கள். பூச்சி அரித்தால் அதே நிற நூலால் அவரே அடைத்துக்கொள்வார், உங்கள் வீட்டு மணி அடிக்காமல்.