சொந்த ஊரின் மறைந்த வரலாற்றையும் பழைய கட்டடங்களையும் எப்படித் தேடிக் கண்டறிவது?

பழைய நில அளவை வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தக் இரண்டிலும் தெரியும் நிலையான புள்ளிகள் நான்காவது எடுப்பது நல்லது. ஆற்றங்கரையைப் புள்ளியாக எடுத்தால் படம் கோணலாகிவிடலாம், ஏனெனில் ஆறு இடம் மாறக்கூடும். வழிபாட்டுத் தலங்களின் மூலைகளும் பழைய பாலங்களின் முனைகளுமே நம்பகமானவை. காரணமின்றி வளையும் தெருவைக் கண்டால் விடாதீர்கள். கோட்டைச் சுவரோ வாய்க்காலோ அங்கே இருந்திருக்கலாம்.

பிறகு அண்ணாந்து பார்த்தபடி நடங்கள். கடைகளுக்காகத் தரைத்தளத்தை அடிக்கடி மாற்றிவிடுவார்கள், பழைய உருவம் பெரும்பாலும் மாடியில்தான் மிஞ்சும். பழைய செங்கல் சுவரில் மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும் இணைப்பு தெரிந்தால், இரு பக்கமும் அநேகமாக வெவ்வேறு காலத்தில் கட்டியவை. முகப்பில் பொறித்த ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். அது புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம், பழைய சொத்துப் பத்திரங்களோடு ஒப்பிடுங்கள்.