ப்ராசஸரை வெளியில வாங்கிட்டு சிப் டிசைன்னு சொல்லலாமா?

கேள்வி: என் பொண்ணு ஒரு சிப் டிசைன் கம்பெனில சேர்ந்திருக்கா. ப்ராசஸர் ஆர்ம் கிட்ட, யூஎஸ்பி வேற ஒருத்தங்க கிட்டன்னு எல்லாத்தையும் வெளியில வாங்குறாங்களாம். அப்ப இவங்க என்னதான் டிசைன் பண்றாங்க? (வாசகர், ஈரோடு)

பதில்: நியாயமான கேள்விதான் சார். ஆனா அவங்க வாங்குறது சிப் இல்ல, பெரும்பாலும் வெரிலாக்ங்கிற, சர்க்யூட்ட விவரிக்கிற மொழில எழுதின கோடு (code), அதைத்தான் ஐபி, அதாவது அறிவுசார் சொத்துன்னு சொல்வாங்க. 1990ல கேம்பிரிட்ஜ்ல ஏகார்ன், ஆப்பிள், வி.எல்.எஸ்.ஐ. டெக்னாலஜி மூணும் சேர்ந்து ஆரம்பிச்ச ஆர்ம் வளர்ந்ததே இப்படித்தான், முதல்ல லைசென்ஸ் காசு, அப்புறம் விக்கிற ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி. கோடா குடுத்தா அது சாஃப்ட் ஐபி, எந்த ஃபேப்ல (சிப் தயாரிக்கிற ஃபேக்டரி) வேணா அடிக்கலாம். யூஎஸ்பியோட ஃபிசிக்கல் லேயர் மாதிரி அனலாக் சமாச்சாரம் எல்லாம் லேஅவுட்டாவே, அதாவது சிப்ல அச்சடிக்கிற வரைபடமாவே வரும், அது ஹார்ட் ஐபி, ஃபேப் மாத்தினா திரும்ப காசு குடுத்து வேற வாங்கணும்.

சரி, வாங்கியாச்சு, ஒட்டிட்டா முடிஞ்சுதான்னா அங்கதான் வேலையே ஆரம்பிக்குது. நானும் இந்த வெரிஃபிகேஷன்ல, அதாவது சிப்பை அடிக்கிறதுக்கு முன்னாடி சரியா வேலை செய்யுதான்னு சோதிக்கிற வேலைல, கொஞ்ச வருஷம் குப்பை கொட்டினவன்தான். ஒருதடவை வெளியில வாங்கின ஒரு யூஆர்ட் (டேட்டாவை ஒவ்வொரு பிட்டா அனுப்புற) பிளாக், எவ்வளவு சிமுலேஷன் ஓட்டினாலும் டேட்டா வெளில போற டிஎக்ஸ் சிக்னல் மட்டும் அசையவே இல்ல, திரையில இந்த மூலைலருந்து அந்த மூலைக்கு நேரா போய்ட்டே இருக்கு, ஒன்றரை நாள் ரெண்டு பேர் மண்டைய உடைச்சுக்கிட்டோம். கடைசில பாத்தா அந்த பிளாக்குக்கு ரீசெட் சிக்னல் 0ல இருந்தா ரீசெட், நாங்க குடுத்ததோ 1ல ரீசெட் பண்ற சிக்னல், மத்த நேரமெல்லாம் 0லயே இருக்கும், அதனால அது பாட்டுக்கு ரீசெட்லயே தூங்கிட்டு இருந்திருக்கு. டாக்குமென்ட்ல ஒரு டேபிளோட அடில பொடி எழுத்துல போட்டிருந்தாங்க, சரி பண்ண 0வை 1ஆ, 1ஐ 0வா திருப்புற ஒரே ஒரு டில்டா (~) குறிதான்! இது சிமுலேஷன்லயே மாட்டுச்சு, சிப்பா அடிச்ச பிறகு தெரிஞ்சிருந்தா சிப்பை அச்சடிக்கிற மாஸ்க்கே மாத்தணும், கோடிக்கணக்குல செலவு.

கேள்வி: இதெல்லாம் இலவசமா கிடைக்காதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கிடைக்கும்மா. 2010ல அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டில ஆரம்பிச்ச ரிஸ்க்-ஃபைவ்ங்கிற, யார் வேணா இலவசமா உபயோகிக்கக்கூடிய ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பை வச்சு நம்ம ஐஐடி மெட்ராஸ்ல சக்தின்னு ப்ராசஸர் பண்ணி கோடையே வெளில விட்டிருக்காங்க, 2018ல அதுல லினக்ஸும் ஓடுச்சு. ராயல்டி மிச்சம், ஆனா ரீசெட் 0லயா 1லயான்னு நீங்கதான் பாக்கணும்.