21 இன்ஜின் மாட்டினால் வண்டி பறக்குமா?

கேள்வி: ஐயா, இரண்டு வருடத்துக்கு முன்பு பழைய வண்டியாக ஒரு சீன நைட்ரோ டிரக் வாங்கினேன் (ரிமோட்டில் ஓட்டும் சின்ன டிரக், மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுவது). அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1:10) அளவு, 18 இன்ஜின் (இந்த எண் இன்ஜினின் கொள்ளளவு), கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. காலையில் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடி நின்றால் அவ்வளவுதான், கை வலிக்க இழுத்தாலும் பிடிக்காது. கம்ப்ரஷன் போய்விட்டது என்கிறார்கள் நண்பர்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 21 இன்ஜினாகவே போட்டுவிடலாமா? பட்ஜெட் வண்டிதான், அதிகம் செலவு செய்ய முடியாது.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். செலவு செய்ய முடியாது என்றால் 21 வேண்டாம். ஆசைப்பட்டு அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், இருக்கிற இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்போம். டிவிஎஸ் 50 இன்ஜினைப் பிரித்துப் பழகியவர்கள் இதைத் திறந்தால் பிஸ்டன் ரிங்கைத் தேடுவார்கள். இருக்காது. அலுமினிய பிஸ்டன், அது ஏறி இறங்கும் குழாயான பித்தளை ஸ்லீவ், ஸ்லீவுக்கு உள்ளே குரோம் பூச்சு, அவ்வளவுதான். ஸ்லீவ் மேலே போகப் போக மயிரிழை அளவு குறுகும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் குறுகலில் இறுகும். ரிங் இல்லாமலே கம்ப்ரஷன் கிடைப்பது இந்த இறுக்கத்தால்தான். சூடேறும்போது ஸ்லீவ் பிஸ்டனைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரியும். புது இன்ஜினில் அதையும் கணக்குப் போட்டுத்தான் இறுக்கமாகச் செய்திருப்பார்கள். தேய்ந்த இன்ஜினில் குளிரில் இருக்கிற கொஞ்சநஞ்ச இறுக்கமும் சூட்டில் காணாமல் போய்விடும். உங்கள் வண்டி காலையில் பிடித்து, ஓடிய பிறகு பிடிக்காமல் போவது இந்தக் கணக்கில் சரியாகவே உட்காருகிறது.

ஆனால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை சூட்டில் நின்றால் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரு துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, இன்ஜின் தலைமேல் உள்ள ஃபின்களின் மீது போட்டு நான்கைந்து நிமிடம் விடுங்கள். தண்ணீரை நேரடியாக ஊற்றாதீர்கள். ஏர் ஃபில்டருக்குள் போனால் புது வியாதி. தலை ஆறியதும் பிடித்துக்கொண்டதா? ஸ்லீவ் தேய்ந்ததுதான். ஆறியும் பிடிக்கவில்லையா? கோளாறு வேறெங்கோ இருக்கிறது. எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றி, அதைச் சூடாக்கும் பேட்டரிப் பிடியான இக்னைட்டரில் மாட்டிப் பாருங்கள். கம்பிச் சுருள் முழுக்க ஒரே சீராக ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். பாதி எரிந்தாலும் மங்கலாக எரிந்தாலும் பிளக்கை மாற்றுங்கள்.

போன வருடம் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், "இன்ஜின் செத்துப்போச்சுங்க, புதுசு போட்டுருங்க" என்று ஒரு டிரக்கைக் கொண்டுவந்தார். எக்ஸலரேட்டரை விட்ட பிறகும் ஐடிலுக்கு வராமல் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டரின் கழுத்தில் உட்காரும் ஓ-ரிங் வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போனால் கலவை மெலிந்துவிடும். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசியை எவ்வளவு திருகினாலும் நிலைக்கு வராது. ஒரு டீ விலைக்குக்கூடப் பெறாத ரப்பர் வளையம். அதைப் போட்டு அனுப்பினேன். மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், புது இன்ஜின் கனவோடு வந்திருந்தார்.

சரி, உங்கள் ஸ்லீவ் தேய்ந்துதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 18, 21 கணக்கு. இந்த எண்கள் கன அங்குலத்தில் நூறில் ஒரு பங்கைக் குறிப்பவை. ஒரு கன அங்குலம் 16.39 சிசி. அப்படிப் பார்த்தால் 21 என்பது சுமார் 3.44 சிசி. 18 என்பது 2.95 வர வேண்டும். ஆனால் பட்ஜெட் டிரக்குகளில் வருகிற பல 18 இன்ஜின்களின் விவரத்தில் 2.74 சிசி என்றுதான் போட்டிருப்பார்கள். அரைத் தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூட. அதற்குள் பிஸ்டன் நிமிடத்துக்கு 30,000 சுற்றை ஒட்டி, அதாவது நொடிக்கு 500 தடவை மேலும் கீழும் போய்வருகிறது. 2.74-இலிருந்து 3.44 என்றால் கால் பங்கு பெரிய இன்ஜின். அந்தக் கூடுதல் சக்தி எதன் வழியாகச் சக்கரத்துக்குப் போகும்? அதே கிளட்ச், கிளட்ச் சுழற்றும் அதே பிளாஸ்டிக் ஸ்பர் கியர், இருபக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் அதே டிஃபரன்ஷியல், அதே மெல்லிய டிரைவ் ஷாஃப்ட்.

நான் விழுந்த குழி இதுதான். சிங்காநல்லூரில் பம்ப்செட் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், என் டிரக்கில் 21 ஒன்றை மாட்டினேன். மவுண்ட் துளை பொருந்தவில்லை. லேத்தில் புது மவுண்ட் கடைந்தேன். லேத் கையில் இருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு பெருமை. முதல் ஓட்டம் பிரமாதம், முன்சக்கரம் இரண்டும் தூக்கிக்கொண்டன. இரண்டாவது ஓட்டத்தில் பிரேக் பிடித்தும் நிற்காமல் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டியது, ஏனென்றால் பிரேக் டிஸ்க் பழைய வேகத்துக்குச் செய்தது. மூன்றாவது ஓட்டத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின் டிஃபரன்ஷியலைத் திறந்தேன். கிரீஸ் சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று உலோகத்தூள். சின்ன கியரின் பற்கள் கடலை மிட்டாயை ஓரத்தில் கடித்த மாதிரி உடைந்திருந்தன. கியரை மாற்றினேன், டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. அதை மாற்றினேன், கிளட்ச் ஷூ கரிந்தது. கடைசியில் கணக்குப் போட்டால் இன்ஜினுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்குக் கொடுத்தது அதிகம்.

இந்த இடத்தில் சிலர் ஸ்பர் கியரை இரும்பில் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் கியர் வீட்டு ஃபியூஸ் மாதிரி. மலிவான பொருள் முதலில் போனால்தான் விலை உயர்ந்தது பிழைக்கும்.

உங்களுக்கு என் யோசனை: உங்கள் மாடலுக்கு பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராட் செட் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய பிஸ்டனுக்குப் புது ஸ்லீவ் என்பது ஒத்துவராத கல்யாணம். முன்பக்க பேரிங் வழியாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தாலோ கிராங்க்ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டினால் ஆடினாலோ செட் போட்டும் பிரயோஜனமில்லை. அப்போது முழு இன்ஜினாக வாங்குங்கள், ஆனால் 18 அளவிலேயே. அதே 18-இல் ஸ்லீவில் எரிபொருள் வந்து புகை போகும் துளை அமைப்பும் கார்புரேட்டரும் நல்லதாக உள்ளது ஒன்று கிடைத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வெர்னியரும் ஒரு துண்டுக் காகிதமுமாக உட்காருங்கள். மவுண்ட் துளைகளுக்கு இடையே எவ்வளவு, அடியிலிருந்து கிராங்க்ஷாஃப்ட் நடுப்புள்ளி எவ்வளவு உயரம், சைலன்ஸர் பக்கவாட்டில் போகிறதா பின்னால் போகிறதா, ஷாஃப்ட் முனையின் நீளமும் மரையும் என்ன என்று குறித்துக்கொண்டு, விற்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஷாஃப்டில்தான் மாட்டிக்கொள்வோம். பழைய ஃப்ளைவீலும் கிளட்ச் பெல்லும் புது ஷாஃப்டில் உட்காரவில்லை என்றால் அதுவும் செலவு. மாட்டும்போது கிளட்ச் பெல் பல்லுக்கும் ஸ்பர் கியர் பல்லுக்கும் நடுவே ஒரு நோட்டுக் காகிதத் துண்டை விட்டு, இரண்டையும் நெருக்கி மவுண்ட் போல்ட்டை முடுக்குங்கள். பிறகு காகிதத்தை உருவிவிட்டால் பல்லிடைவெளி சரியாக இருக்கும்.

இன்ஜினுக்கு ஆயுள் போவதும் வருவதும் முதல் நாள் ஓட்டத்தில். புது இன்ஜின் உச்சியில் ரொம்பவே இறுகும், கயிறு பாதியில் நின்றுவிடும். பழுது என்று பயந்து பலமாக இழுத்தால் கயிறு அறும். தலையை ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடாக்கிவிட்டு இழுங்கள், இறுக்கம் தளரும். ஊசியை வெளிப்பக்கம் திருகி, எரிபொருள் தாராளமாகப் போகும்படி வையுங்கள். சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகையும் எண்ணெயும் வடிய வேண்டும். அதைப் பார்த்துச் சங்கடப்படாதீர்கள், அந்த எண்ணெய்தான் இப்போது மருந்து. சமதளத்தில் மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். ஃப்ளைவீலைத் திருப்பி பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு ஆறவிடுங்கள். உச்சியில் விட்டு ஆறவைத்தால் ஸ்லீவ் பிஸ்டனைக் கவ்விக்கொண்டு சுருங்கும். இப்படியே நான்கைந்து டேங்க் ஓட்டிய பிறகு, ஊசியை ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்காக, கடிகாரத்தில் ஒரு மணி நேரம் நகர்கிற அளவு, உள்ளே கொண்டுவாருங்கள். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மூன்று நான்கு நொடி கொதித்து ஆவியாக வேண்டும். விட்டதுமே சுர்ரென்று மறைந்தால் சூடு அதிகம், ஊசியைத் திரும்ப வெளியே எடுங்கள். வெப்பமானி இருந்தால் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை நல்லது.

கேள்வி: நைட்ரோ எரிபொருள் விலை கட்டுப்படியாகவில்லை. பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஊற்றலாமா? இல்லையென்றால் மெத்தனால் வாங்கி நானே கலந்துகொள்ளலாமா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: முதலாவது நடக்காது, இரண்டாவது நடக்கக்கூடாது. இந்த இன்ஜினில் பொறி வைக்க ஸ்பார்க் கிடையாது. க்ளோ பிளக்கின் கம்பியில் உள்ள பிளாட்டினத்தோடு மெத்தனால் ஆவி சேரும்போது வினை நடந்து வெப்பம் வருகிறது. இக்னைட்டரை எடுத்த பிறகும் கம்பி கனன்றுகொண்டிருப்பது அதனால்தான். பெட்ரோலுக்கு அந்தக் குணம் கிடையாது.

மெத்தனாலைத் தனியாக வாங்கவும் வைத்திருக்கவும் நம் மாநிலத்தில் உரிமம் வேண்டும். ஏன் என்று உங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். பகல் வெயிலில் தீப்பிடித்தால் சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கடையில் சீல் வைத்து விற்கிற எரிபொருளையே பில்லோடு வாங்குங்கள். அதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மூடியைத் திறந்து போட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு எரிபொருளே கெட்டுப்போகும்.

கேள்வி: எரிபொருளில் 20 சதவீத நைட்ரோவுக்குப் (நைட்ரோமீத்தேன்) பதில் 30 உள்ளதை ஊற்றினால் வேகம் கூடுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: கொஞ்சம் கூடும். பிளக்கும் சீக்கிரம் போகும். ஊசியை மாற்ற வேண்டும், தலைக்கடியில் ஷிம் எனும் மெல்லிய வளையத் தகடு சேர்த்துக் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டியும் வரலாம். 20 போதும். லேபிளில் நைட்ரோவைப் பார்ப்பவர்கள் எண்ணெய் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: கோவையில் நன்றாக ஓடிய டிரக் ஊட்டிக்குக் கொண்டுவந்ததும் முக்குகிறது, ஒரே புகை. இன்ஜின் பழுதா?
– ஒரு வாசகி, ஊட்டி

பதில்: இன்ஜின் நன்றாக இருக்கிறது, காற்றுதான் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மெல்லிய காற்றுக்குப் பழைய அளவு எரிபொருளே போனால் கலவை கெட்டியாகிவிடும். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகுங்கள். எத்தனை திருகினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; கீழே இறங்கியதும் மறக்காமல் அதே அளவு வெளியே எடுக்க வேண்டும், மறந்தால் சமவெளிக் காற்றில் எண்ணெய் பற்றாமல் பிஸ்டன் ஸ்லீவில் இறுகி நின்றுவிடும். கோவையில் இருந்த வேகம் மேலே முழுதாகக் கிடைக்காது, அதற்கு மருந்தில்லை.

கேள்வி: பையனுக்கு 12 வயது. நைட்ரோ டிரக்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். எலக்ட்ரிக் வாங்கிக் கொடுத்தால் போதாதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வேகம்தான் வேண்டும் என்றால் பிரஷ்லெஸ் மோட்டார் போட்ட எலக்ட்ரிக் வண்டியே மேல். சத்தம் இல்லை, வாடை இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை. நைட்ரோ ஓட்டுகிற நேரத்தைவிடக் கழற்றித் துடைக்கிற நேரம் அதிகம். அன்றைய ஓட்டம் முடிந்ததும் டேங்கை வடித்து, நான்கு சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விடாமல் வைத்தால் பேரிங்கில் துரு ஏறிவிடும். எரிபொருளைத் தொடுகிற வேலை முழுக்க உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும், அவனுடையதாக அல்ல. தெரிந்தவர்கள் யாரிடமாவது நைட்ரோ வண்டி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கிற வண்டியாகப் பார்த்து, கயிற்றை அவனையே இழுக்கச் சொல்லுங்கள். இருபதாவது இழுப்பிலும் "இன்னொரு தடவைப்பா" என்கிறானா, கையை உதறிவிட்டு போனை எடுக்கிறானா என்று பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், மாடல் சொல்கிறேன்.