லெசோத்தோவில் ஒரு தையல் தொழிலாளியின் உற்பத்தித்திறன்: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஐ.இ. (தொழிற்பொறியியல்) பிரிவில் வேலை செய்கிறேன். 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து, வெளிநாட்டில் ஒரு யூனிட் பார்க்கலாம் என்கிறார் முதலாளி. அவர் பட்டியலில் லெசோத்தோவும் இருக்கிறது. அந்த நாட்டுச் சரக்குக்கு அதே ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட வரி 15 சதவீதம்தான். உலக வங்கித் தரவில் ‘தொழில்துறையில் ஒரு தொழிலாளிக்கான மதிப்புக்கூட்டல்’ என்றொரு எண் கிடைத்தது. அதை அங்குள்ள சம்பளத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தயாரித்திருக்கிறேன். இது சரியான வழிதானா?

பதில்: சரியான வழி இல்லை. அந்த எண் பொய் என்று சொல்லவில்லை. உங்கள் முதலாளிக்குத் தெரிய வேண்டியது ஒரு தையல் லைனில் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்கும், ஒரு பீஸுக்குக் கூலி என்ன ஆகும் என்பது. நீங்கள் எடுத்திருக்கும் எண்ணில் அதற்குப் பதில் கிடையாது. ஏன் என்று புரிந்துகொண்டால், நாளைக்கு மடகாஸ்கரையோ எஸ்வாட்டினியையோ பார்க்கச் சொன்னாலும் உங்களுக்கு உதவும்.

மதிப்புக்கூட்டல் என்றால், விற்ற விலையிலிருந்து வாங்கிய பொருள்களின் விலையைக் கழித்த மிச்சம். அந்த எண்ணில் ‘தொழில்துறை’ என்றால் ஆலை உற்பத்தி மட்டும் அல்ல. சுரங்கம், மின்சாரம், தண்ணீர், கட்டுமானம் எல்லாம் சேர்ந்தது. இந்தியா மாதிரி பெரிய நாட்டில் இந்தக் கலவையால் வரும் பிழை ஓரளவு அமுங்கிவிடும். சுமார் 20 லட்சம் பேர் மட்டுமே வாழும், நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த லெசோத்தோ என்ற மலைநாட்டில் அப்படி அமுங்காது.

லெட்செங் வைரச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 70 சதவீதம் ஜெம் டைமண்ட்ஸ் நிறுவனத்துடையது, 30 சதவீதம் லெசோத்தோ அரசுடையது. 2018-இல் அங்கே 910 காரட் எடையில் ஒரு கல் கிடைத்தது. அந்த ஒரே கல் 4 கோடி டாலருக்கு விற்றது. தலைநகர் மசேருவிலும் மபுட்சோ நகரிலும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பல்லாயிரம் பெண்களோடு ஒப்பிட்டால் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் மிகச் சிலர். ஆனால் நீங்கள் எடுத்த சராசரியில் இரண்டு தரப்பும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

தண்ணீர்க் கதையும் இப்படித்தான். 1986-இல் தென்னாப்பிரிக்காவோடு போட்ட ஒப்பந்தப்படி, கட்சே அணையில் தேங்கும் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கப்பாதை வழியாக வடக்கே போகிறது. போகிற வழியில் முவேலாவில் 72 மெகாவாட் மின் நிலையம். இதில் கோடிக்கணக்கில் முதலீடு இருக்கிறது, ஆட்கள் மிகக் குறைவு. அதனால் ஒரு ஆளுக்கான மதிப்பு எகிறும். 2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை பராமரிப்புக்காகச் சுரங்கப்பாதையை மூடினார்கள், முவேலாவும் நின்றது. நாட்டின் தொழில்துறைக் கணக்கில் இது தெரியும். அதே ஆறு மாதத்தில் மசேருவின் தெட்சானே தொழிற்பேட்டையில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் பெண் ஒரு தையல்கூடக் குறைத்துப் போட்டிருக்க மாட்டாள். போதாக்குறைக்கு இப்போது பொலிஹாலி அணை கட்டும் வேலை நடக்கிறது. அதுவும் கட்டுமானம் என்ற பெயரில் இதே எண்ணுக்குள் வருகிறது.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. அங்கே நாடு தழுவிய தொழிலாளர் கணக்கெடுப்பு 2008-இல் நடந்தது, அடுத்து 2019-இல். நடுவில் உள்ள ஆண்டுகளுக்கு நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கணித மாடல் வழியே வந்த மதிப்பீடு. அதில் இரண்டு தசம இடம் வரை போட்டு வரைபடம் போடாதீர்கள்.

சரி, ஆலை உற்பத்தியை மட்டும் தனியே எடுத்தால்? நல்ல முன்னேற்றம். லெசோத்தோ புள்ளியியல் துறையின் காலாண்டுக் கணக்கில் ஜவுளி, ஆடை, தோல், காலணிப் பிரிவு தனியாக வரும். அங்குள்ள மத்திய வங்கியின் காலாண்டு அறிக்கையில், லெசோத்தோ தேசிய வளர்ச்சிக் கழகத்தின் உதவி பெறும் ஆலைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற விவரம் இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால், உங்கள் அறிக்கையில் இருப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ள எண் கிடைக்கும். ஆனால் அதைப் படிக்கும்போதும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலில் நாணயம். லெசோத்தோவின் லோட்டி (பன்மையில் மலோட்டி), தென்னாப்பிரிக்க ராண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று எனக் கட்டப்பட்டது. 2001 டிசம்பரில் ஒரு டாலருக்கு 12 ராண்டுக்கு மேல் போன விலை, 2004 கடைசியில் 6-க்கும் கீழே வந்துவிட்டது. 10 டாலருக்கு விற்கும் ஜீன்ஸுக்கு ஆலைக்காரர் கையில் வந்த மலோட்டி ஏறக்குறைய பாதியானது. தைத்த பீஸ் அதேதான். நடப்பு விலையில் கணக்குப் போட்டால் தொழிலாளியின் உற்பத்தித்திறன் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். அதனால் நிலையான விலையில் உள்ள வரிசையை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, ஏற்றுமதி மதிப்பையும் மதிப்புக்கூட்டலையும் குழப்பிக்கொள்வது. இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் அறிக்கைகளில் அடிக்கடி நடக்கிறது. 4 டாலர் எஃப்.ஓ.பி. விலையுள்ள (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) டி-ஷர்ட்டில் துணி, நூல், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 2.60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சேர்ந்த மதிப்பு 1.40 தான். லெசோத்தோவின் பின்னலாடை ஆலைகள் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து துணியை வாங்கி வெட்டித் தைத்து அனுப்புபவை. ஏற்றுமதித் தொகையை ஆட்களால் வகுத்தால் சீனாவில் துணி பின்னியவனின் உழைப்பையும் மசேருவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். டெனிமில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. தைவானின் நியென் சிங் நிறுவனம் அங்கேயே டெனிம் நெசவாலை அமைத்ததால், ஜீன்ஸில் உள்நாட்டில் சேரும் பங்கு கூடுதல்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துவது. 2004-இல் அங்கே ஆடை ஆலைகளில் 50,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரம்பு போட்ட உலக ஜவுளிக் கோட்டா முறை அந்த ஆண்டு முடிவோடு முடிந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடிய சில ஆலைகள் திறக்கவே இல்லை. முதலாளிகள் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்டிலேயே வேலை போனது. இப்படி நலிந்த ஆலைகள் மூடும்போது என்ன ஆகும்? மிஞ்சுவது திறமையான ஆலைகள். அதனால் சராசரி உற்பத்தித்திறன் ஏறும். வரைபடத்தில் மேலே போகும் கோட்டைப் பார்த்து ‘லெசோத்தோ முன்னேறுகிறது’ என்று எழுதுவதற்கு முன், ஆட்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 ஜூலையில் அந்த அரசு வேலையின்மைக்காகவே தேசியப் பேரிடர் நிலை அறிவித்தது. அந்த ஆண்டின் ‘ஒரு ஆளுக்கான உற்பத்தி’ ஏறியிருந்தாலும் அதை வெற்றிக் கணக்கில் எழுத என் கை வராது.

இனி, நீங்கள் எதை அளக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். உங்கள் சொந்தக் கருவியே போதும்: ஸ்டாண்டர்ட் மினிட், அதாவது ஒரு பீஸ் தைக்க இவ்வளவு ஆகும் என்று நிர்ணயித்த நிமிடம். லெசோத்தோவில் சாதாரண வேலை வாரம் 45 மணி நேரம். ஐந்து நாள் வைத்தால் நாளுக்கு 540 நிமிடம். 30 பேர் உள்ள லைன் என்றால் 16,200 நிமிடம் கையில் இருக்கிறது. 8 நிமிட டி-ஷர்ட் 1,000 பீஸ் இறங்கினால் 8,000 நிமிடம் சம்பாதித்திருக்கிறது, அதாவது 49 சதவீதத் திறன். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். நேரில் போகும்போது கேட்க வேண்டியது, கடைசி மூன்று மாதத்தின் தினசரி லைன் ரிப்போர்ட். மாதச் சராசரியைக் காட்டினால் வாங்காதீர்கள். நாள்வாரியாகப் பார்த்தால்தான் நிமிடங்கள் எங்கே போயின என்று தெரியும்.

அப்புறம் சம்பளத்தைச் சேருங்கள். ஒரு ஆளுக்கு நாளுக்கு 100 கொடுத்து 50 சதவீதத் திறன் கிடைத்தால், முழுத் திறனில் ஒரு நாள் வேலையின் விலை 200. 150 கொடுத்து 80 சதவீதம் கிடைத்தால் 187.50. கூலி ஒன்றரை மடங்கு. பீஸுக்கான செலவோ குறைவு. சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்து நாட்டைத் தேர்வு செய்பவர்கள் தவறுவது இங்கேதான். அந்தச் சம்பளமும் அப்படியே இருக்காது. அங்கே குறைந்தபட்சக் கூலியை அரசு அரசிதழில் அறிவிக்கிறது. 2018-இல் மாதம் 2,000 மலோட்டி கேட்டு ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் சாமான் விலை ஏறினால் மசேருவில் வீட்டுச் செலவும் ஏறும், கேட்பது நியாயம்தான்.

தொலைந்த நிமிடங்களைத் தொழிலாளியின் சோம்பல் என்று எழுதும் பழக்கம் நம் துறையில் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் அறிக்கையில் அதைச் செய்யாதீர்கள். துணி டர்பன் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து மலையேறி வர வேண்டும். ஒரு கன்டெய்னர் தாமதமானால் லைன் முழுவதும் காத்திருக்கும். லைனுக்குத் துணி வருவது தவறினால் திருப்பூரில் மாலைக்குள் வேறு துணி வரும். அங்கே அந்த வசதி இல்லை.

உடல்நலம் அடுத்தது. வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு அது. 2006-இல் ஆலைகளும் வாங்குவோரும் உதவி நிறுவனங்களும் சேர்ந்து அலாஃபா என்ற அமைப்பைத் தொடங்கின. ஆலைக்குள்ளேயே பரிசோதனை, சிகிச்சை, மருந்து. இதன் பொருளாதாரம் எளிமையானது: மருந்து வாங்க ஒரு பெண் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டாம், ஓவர்லாக்கில் அன்று ஆள் குறையாது. அந்த அமைப்பின் பணி பின்னால் நின்றுவிட்டது. நீங்கள் பார்க்கும் ஆலையிலிருந்து அருகிலுள்ள கிளினிக் எவ்வளவு தூரம், பல மாத மருந்தை ஒரே முறையில் தருகிறார்களா, அதற்குப் போக ஆலை சம்பளத்தோடு நேரம் தருகிறதா என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள ஓட்டைகளுக்குப் பாதி விளக்கம் இந்தப் பதில்களில் கிடைக்கலாம்.

மேற்பார்வையாளரையும் அளக்க வேண்டும். தொழிலாளர்கள் பேசுவது செசோத்தோ. மேலே உள்ளவர்கள் பல ஆலைகளில் வெளிநாட்டவர். சைகையிலும் சத்தத்திலும் வேலை வாங்கினால் தரம் எப்படி வரும்? அதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. நியென் சிங் ஆலைகளில் சில மேற்பார்வையாளர்கள் பெண் தொழிலாளர்களைப் பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளாக்கியதாக வொர்க்கர் ரைட்ஸ் கன்சார்ஷியம் என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு 2019-இல் விசாரணை அறிக்கை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து லீவைஸ் உள்ளிட்ட வாங்குவோர், நிறுவனம், தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் சேர்ந்து சுயேச்சையான புகார் முறைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பயந்துகொண்டு உட்காரும் இடத்தில் எந்த ஸ்டாண்டர்ட் மினிட்டும் நிற்காது. செசோத்தோ பேசும் லைன் சூப்பர்வைசர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் படிவத்தில் ஒரு கட்டமாகவே சேருங்கள்.

வரியைப் பற்றி ஒரு திருத்தம். நீங்கள் எழுதிய 15 சதவீதம் முழு வரி இல்லை. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவின் வழக்கமான வரி 16.5 சதவீதம், செயற்கை இழைப் பின்னல் சட்டைக்கு 32 சதவீதம். 2000-இல் வந்த, ஆப்பிரிக்க நாடுகளுக்கான அகோவா என்ற அமெரிக்கச் சலுகைச் சட்டத்தின் கீழ் லெசோத்தோ இந்த வழக்கமான வரியைக் கட்டாமல் அனுப்பியது, அதுவும் வேற்று நாட்டுத் துணியில் தைத்தே. 2025 செப்டம்பர் 30-இல் அந்தச் சட்டத்தின் காலம் முடிந்தது; 2026 பிப்ரவரியில்தான் அதை அந்த ஆண்டு முடியும் வரை நீட்டினார்கள். சலுகை இல்லாத நாளில், அந்த 15-ஐயும் கூட்டினால் பருத்திக்கு 31.5, செயற்கை இழைக்கு 47 சதவீதம் ஆனது. 2025 ஏப்ரலில் லெசோத்தோவுக்கு 50 சதவீதம் அறிவித்து, ஆகஸ்டில் 15 ஆக்கினார்கள். இப்படி மாறும் எண்ணை நம்பிக் கட்டடம் எடுக்கக் கூடாது. கையெழுத்துப் போடும் வாரத்தில் அன்றைய நிலவரத்தை எடுத்து, சலுகை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று என இரண்டு கணக்காகப் போடுங்கள்.

அமெரிக்கா தவிர இன்னொரு சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவும் லெசோத்தோவும் ஒரே சுங்க ஒன்றியம். தென்னாப்பிரிக்கக் கடைகளுக்குத் தைக்கும் ஆலைகள் மபுட்சோ பக்கம் இருக்கின்றன. வரி இல்லை, நாணயச் சிக்கல் இல்லை. ஆனால் ஆர்டர்கள் சிறியவை, ஸ்டைல் அடிக்கடி மாறும், ஒவ்வொரு மாற்றத்திலும் லைன் திறன் சரிந்து மறுபடி ஏறும். அமெரிக்க ஆர்டரின் நீண்ட ஓட்டத்தில் அளந்த திறனை இந்தச் சந்தைக்குப் போடாதீர்கள்.

அறிக்கையை இப்படி மாற்றுங்கள்: உலக வங்கி எண்ணைக் கடைசிப் பக்கப் பின்னணித் தகவலாக வையுங்கள். முன்பக்கத்தில் லைன் ரிப்போர்ட், வருகைப் பதிவு, ஸ்டைல் மாற்றத்துக்கு ஆகும் நேரம், ஒரு ஸ்டாண்டர்ட் மினிட்டின் செலவு இந்த நான்கும் வரட்டும். வளர்ச்சிக் கழகம் ஆலைக்கூடங்களைக் கட்டி வாடகைக்கு விடுகிறது. கூடம் பார்க்கப் போகும்போது, அந்தப் பேட்டையில் சமீபத்தில் மூடிய ஆலைகள் எவை, அங்கே வேலை இழந்த டெய்லர்களைத் தொழிற்சங்கம் வழியாகச் சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். இருபது பேரை ஓவர்லாக்கிலும் ஃப்ளாட்லாக்கிலும் உட்கார வைத்து, நூல் கோக்கவும் மெஷின் பழகவும் ஒரு நாள் விட்டு, மறுநாள் நேரம் எடுங்கள். இரண்டு நாளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். முதலாளியின் கேள்விக்கு நேரடியான பதில் அந்த இரண்டாம் நாள் ஷீட்டில் இருக்கும்.