அமைதிக் கூட்டம் கலைந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பகுதியில் இரண்டு சமூகத்தினர் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் பல ஆண்டுகளாக வாழ்கிறோம். சில மாதங்களுக்கு முன்பு விளையாட்டு மைதானத்தில் இளைஞர்களிடையே தொடங்கிய வாய்த்தகராறு கைகலப்பாகி, பெரியவர்கள் வரை வந்துவிட்டது. உடனே நிர்வாகம் மைதானத்தைப் பூட்டிவிட்டது. உங்களால்தான் பூட்டினார்கள் என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொல்கிறது. நாங்கள் சிலர் சேர்ந்து அமைதி ஊர்வலம் நடத்தினோம். மெழுகுவத்தி ஏந்தினோம், உறுதிமொழி எடுத்தோம். நல்ல கூட்டம். அடுத்த வாரமே எல்லாம் பழையபடி. மாதாமாதம் ஊர்வலம் நடத்தலாம் என்கிறார்கள் சிலர். சாலை மறியல்தான் வழி என்கிறார்கள் இளைஞர்கள். வம்பே வேண்டாம் என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்யலாம்? நடுவில் யாராவது கல்லெறிந்து அடிதடியாகிவிட்டால்?

பதில்: மறியலா ஊர்வலமா என்ற விவாதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களுக்குத் தேவையானது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்தப் பூட்டு.

‘அமைதி வேண்டும்’ என்று ஊர்வலம் போனால் அதற்குச் சரி என்று சொல்ல வேண்டியவர் யார்? எல்லோரும். அதனால்தான் எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ‘மைதானத்தைத் திறந்து விடுங்கள்’ என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது. சாவி யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். உங்கள் ஊர்வலம் வீண் என்று நான் சொல்லவில்லை. கைகலப்புக்குப் பிறகு இரு தெருக்காரர்களும் ஒரே இடத்தில் தலைகாட்டியதே பெரிய விஷயம். ஆனால் அது கூடுவதற்காகக் கூடிய கூட்டம். ஒன்றைக் கேட்டு வாங்கும் இயக்கம் வேறு. முன்னதை மாதாமாதம் நடத்தினால் பின்னது தானாக வந்துவிடாது. ஆள்தான் மாதாமாதம் குறையும்.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடைகளின் சிற்றுண்டி மேசைகளில் 1960 பிப்ரவரியில் கறுப்பின மாணவர்கள் போய் உட்காரத் தொடங்கினார்கள். அடி வாங்கினார்கள், கைதானார்கள். ஏப்ரல் 19 அன்று, அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் வீடு வெடிகுண்டு வீசித் தகர்க்கப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மாநகராட்சிக் கட்டடம் வரை அமைதியாக நடந்துபோனார்கள். அந்த நாளில் ஆத்திரப்பட்டுப் பேச எத்தனையோ இருந்தது. டயான் நாஷ் என்ற மாணவி மேயர் பென் வெஸ்டிடம், நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று அந்த மேசைகள் கறுப்பினத்தவருக்கும் திறந்தன. மேயரின் மனசாட்சி மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. கறுப்பின மக்கள் அந்தக் கடைகளில் பொருள் வாங்குவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள், கல்லாவும் காய்ந்திருந்தது.

ஆகவே உங்கள் முதல் வேலை தெருவில் இல்லை. மைதானத்தைப் பூட்டச் சொன்னவர் யார், எழுத்தில் உத்தரவு இருக்கிறதா, எதற்குப் பயந்து பூட்டினார்கள் என்று விசாரியுங்கள். இரு தெருவிலிருந்தும் ஆளுக்கு இருவர் சேர்ந்து போய்க் கேளுங்கள். பெரும்பாலும் இந்த மாதிரிப் பூட்டுகளுக்குப் பின்னால் பகை எதுவும் இருக்காது, ‘மறுபடி ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது’ என்ற பயம்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு நீங்களே பதிலோடு போனால் (யார் எந்த நேரம் விளையாடுவது, யார் பொறுப்பாக நிற்பது) ஊர்வலமே தேவைப்படாமல் போகலாம். அப்படி முடிந்தால் சந்தோஷப்படுங்கள். போராடாமல் கிடைத்ததே என்று வருத்தப்படும் ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மனு கொடுத்தும் பதில் இல்லை என்றால்தான் அடுத்த கட்டம். அப்போது கோரிக்கைப் பட்டியல் நீளும் ஆபத்து வரும். மைதானத்தைத் திற, கேமரா வை, அன்றைக்கு அடித்தவனைப் பிடி என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்ப்பார்கள். கடைசியாகச் சொன்னதைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். யார் முதலில் கை வைத்தது என்பதைக் கோரிக்கைக்குள் கொண்டுவந்த நிமிடமே பாதிக் கூட்டம் எதிர்ப்பக்கம் போய்விடும். அது சட்டத்தின் வழியில் தனியாக நடக்கட்டும். மூடி மறைக்கச் சொல்லவில்லை, இந்த மேடையில் வேண்டாம் என்கிறேன்.

கோரிக்கை சிறியதாக இருப்பதில் வெட்கமும் வேண்டாம். 1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானதும் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு, ஆரம்பத்தில் இருக்கைப் பிரிவினையை முழுவதும் ஒழிக்கக் கேட்கவே இல்லை. மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வந்தவருக்கு முதலில் இடம், கறுப்பினத்தவர் பகுதிகளில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும், இவ்வளவுதான். அதுவும் மறுக்கப்பட்ட பிறகுதான் வழக்கு மூலம் முழுமையாகக் கேட்டார்கள், வென்றார்கள். நியாயமான சிறிய கோரிக்கையை ஒருவர் மறுக்கும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உங்கள் பக்கம் திரும்புகிறார்கள்.

யார் முன்னால் நிற்பது? மேடையிலும் அறிக்கையிலும் இரு தெருக்காரர்களும் சமமாக இருக்க வேண்டும். கையெழுத்துகளும் ஜோடி ஜோடியாக வரட்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 2003-இல் முஸ்லிம் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் ஒன்றாக வெள்ளை உடுத்தி, அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் போகும் சாலையோரம் இருந்த மீன் சந்தைத் திடலில் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். எந்தத் தரப்பையும் ஆதரிக்கவில்லை. சண்டையை நிறுத்து, உட்கார்ந்து பேசு என்பதுதான் பேச்சு. கானாவின் அக்ரா நகரில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அரங்கின் வாசலில் உட்கார்ந்து உள்ளே இருந்தவர்களை வெளியே விட மறுத்தார்கள். ஆகஸ்டில் உடன்பாடு கையெழுத்தானது. அவர்களை வழிநடத்திய லேமா குபோவிக்கு 2011-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. மறியல் கேட்கும் உங்கள் இளைஞர்கள் அந்த வாசலைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்கள் ஊர்ச் சாலையை மறிக்கவில்லை. முடிவெடுக்கும் ஆட்கள் இருந்த கதவைத்தான் மறித்தார்கள்.

அதனால் மறியல் பற்றி என் அபிப்பிராயம்: உங்கள் விஷயத்துக்கு வேண்டாம். சாலையில் மாட்டிக்கொள்பவரிடம் சாவி இல்லை. அவர் எரிச்சலோடு, இரண்டு தெருக்காரர்களுமே தொல்லை என்று முடிவு கட்டிவிடுவார். பூட்டியவருக்கும் அதுவே நல்ல சாக்கு.

பெரிய கூட்டம் சேராதே என்று கவலைப்படவும் தேவையில்லை. கேரளத்து வைக்கம் நினைவிருக்கும். 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய அந்தச் சத்தியாகிரகத்தில் கோயிலைச் சுற்றியிருந்த, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தடைசெய்யப்பட்ட சாலைகளை நோக்கி ஆரம்பத்தில் தினமும் மூன்று பேர்தான் நடந்தார்கள். முதல் நாள் போன மூவரும் வெவ்வேறு சாதியினர். கைதானதும் மறுநாள் வேறு மூவர். தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைக்குப் போனபோது பெரியார் வந்து பொறுப்பேற்றார், அவரும் இரண்டு முறை சிறை சென்றார். மழைக்காலத்தில் சாலையில் வெள்ளம் ஏறியபோதும் தண்ணீரிலேயே நின்றார்கள். இப்படி ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கச் சாலைகள்தான் திறந்தன. கிழக்குப் பக்கம் பூட்டியே இருந்தது. அரைகுறை வெற்றிதான், ஆனாலும் அதை வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். 1936-இல் திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது.

உங்கள் அளவில் இதை எப்படிச் செய்யலாம்? பூட்டிய கதவுக்கு வெளியே, வழியை மறிக்காமல், தினமும் மாலை ஒரு மணி நேரம், இரு தெருவிலிருந்தும் சம எண்ணிக்கையில் சிலர் ஒரே பதாகையோடு உட்காரலாம். பதாகையில் ஒரே வரி போதும். ஒலிபெருக்கி வேண்டாம், முழக்கமும் வேண்டாம். முழக்கம் என்று வந்தால் யாரோ ஒருவர் தன் சமூகத்தின் முழக்கத்தை இடையில் விடுவார், அப்புறம் மறுபக்கம் பதில் முழக்கம். வாரம் ஒருமுறை சாவிக்காரருக்கு ஒரு கடிதம், பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

வம்பு வேண்டாம் என்கிற பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் தெருவில் உட்கார வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நடந்த கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தில் தொண்டர்களிடம் கையெழுத்து வாங்கிய உறுதிமொழி அட்டையில் வன்முறை கூடாது என்பது உட்படப் பத்து விதிகள் இருந்தன. அதே அட்டையில், ஆர்ப்பாட்டம் தவிர வேறு என்ன உதவி செய்வீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்: கார் ஓட்டுவது, சமைப்பது, தொலைபேசியில் பேசுவது, தட்டச்சு, துண்டறிக்கை கொடுப்பது. கடிதம் எழுதும் பெரியவர், சாவிக்காரரைத் தனிப்பட்ட முறையில் தெரிந்த பெரியவர் எல்லாம் உங்கள் சொத்து.

சரி, கல்லெறிந்தால்? உங்கள் கேள்விகளில் முக்கியமானது இதுதான். நல்லெண்ணத்தை நம்பி இதில் இறங்கக் கூடாது, பயிற்சி வேண்டும். நாஷ்வில் மாணவர்கள் மேசையில் போய் உட்காருவதற்கு முன் ஜேம்ஸ் லாசன் என்ற இளம் போதகர் மாதக்கணக்கில் அவர்களைப் பழக்கினார். சிலர் தாக்குபவர்களாக நடித்துத் திட்டுவார்கள், நாற்காலியை இழுப்பார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள். மற்றவர்கள் கை ஓங்காமல் உட்கார்ந்திருக்கப் பழகுவார்கள். திட்டினால் கோபம் வரும் என்று தெரிந்திருப்பது வேறு, அந்தக் கோபத்தோடு ஒரு தடவை சும்மா உட்கார்ந்து பார்த்திருப்பது வேறு. உங்கள் ஆட்களையும் ஒரு ஞாயிறு மதியம் இப்படி உட்காரவைத்துப் பாருங்கள். யாரால் முடியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அவருக்குக் கடிதப் பொறுப்பைக் கொடுங்கள்.

அந்த இடத்தில் சில ஏற்பாடுகள் கட்டாயம். இரு தெருவையும் சேர்ந்த தொண்டர்கள் கையில் பட்டையோடு ஓரங்களில் நிற்க வேண்டும். தன் தெரு ஆளைத் தன் தெருத் தொண்டர்தான் சமாதானப்படுத்த வேண்டும், மாற்றிச் செய்தால் தீயில் எண்ணெய். கலையும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, அந்த நிமிடத்தில் கலைந்துவிடுங்கள். அடிதடிகள் பல நேரம் கூட்டம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் போகாமல் மிச்சம் நிற்கும் சிலரிடம்தான் தொடங்குகின்றன. குழந்தைகளை முன்வரிசையில் நிறுத்த வேண்டாம். காவல்துறைக்குத் தகவல் சொன்னால் போதுமா, முன் அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். எதுவானாலும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வதந்திக்கென்று தெருவுக்கு ஒருவர் இருக்கட்டும். ‘அவன் அடித்துவிட்டான்’ என்று குறுஞ்செய்தி வந்தால் இந்த இருவரும் முதலில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒரு கல் விழுந்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எறிந்தவர் உங்கள் ஆளாக இருந்தால் மழுப்பாமல் நீங்களே சொல்லுங்கள். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து 20-க்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தபோது, காந்தி நாடு முழுவதும் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். அவருடைய சகாக்கள் பலருக்கே அது பிடிக்கவில்லை. அது சரியா என்று இன்றும் வாதிடலாம். உங்களுக்கு அந்த அளவு தேவைப்படாது. இரண்டு நாள் விட்டு, மறுபடி பழக்கி, மறுபடி உட்காருங்கள்.

இளைஞர்கள் யாராவது, அரசியல் அறிவியலாளர் எரிகா செனோவெத் ஆய்வின்படி மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் வந்தால் வெற்றி நிச்சயம் என்று கணக்குச் சொல்லலாம். அவரும் மரியா ஸ்டீபனும் 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களைப் பார்த்து, வன்முறையற்றவை 53 சதவீதமும் ஆயுதம் எடுத்தவை 26 சதவீதமும் வென்றதாகக் கண்டார்கள். நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் அவை பெரும்பாலும் ஆட்சியை மாற்றவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிநாடு கேட்டும் நடந்த இயக்கங்கள். ஒரு மைதானத்துக்கு அந்தச் சதவீதத்தைப் பொருத்தாதீர்கள். சாவிக்காரர் யார் பேச்சைக் கேட்பார் என்ற கணக்குதான் இங்கே உதவும்.

திறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தானது. மாண்ட்கோமரியில் 381 நாள் புறக்கணிப்புக்குப் பிறகு தீர்ப்பு சாதகமாக வந்தபோது, பேருந்தில் ஏறுவதற்கு முன்பே மக்களிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டது: பெருமையடிக்காதீர்கள், யாராவது திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள், தள்ளினால் திருப்பித் தள்ளாதீர்கள். சில நாட்களிலேயே பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆனாலும் மக்கள் அந்தத் தாளை மீறவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். திறந்த அன்றைக்கு வெற்றி விழா, பட்டாசு எதுவும் வேண்டாம். தெருவுக்குத் தெரு அணி பிரித்து முதல் ஆட்டம் வைக்கவே வைக்காதீர்கள். இரு தெருப் பையன்களையும் கலந்து அணி பிரியுங்கள், நடுவராக இரண்டு தெருவையும் சேராத ஒருவரைக் கூப்பிடுங்கள், மாலை எத்தனை மணிக்கு யார் பூட்டுவது என்பதை முதல் நாளே எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.