ஹவுஸ்கீப்பிங் ஆஃபர விட்டுடாதீங்க, உங்க பொண்ணு தேடற சஸ்டைனபிலிட்டி வேலைக்கு வழியே அதுதான்

சார் வணக்கம். உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கடைசி வருஷம், கேம்பஸ்ல ஒரு பெரிய சிட்டி ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங் ட்ரெய்னியா எடுத்துருக்காங்க, ஆனா அவ அத விட்டுட்டு ஒரு வருஷம் சஸ்டைனபிலிட்டி, அதாவது தண்ணி, கரண்ட், சாப்பாடு வீணாகாம சுற்றுச்சூழல காப்பாத்தறத பத்தின கோர்ஸ் படிக்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. உங்களுக்கு ரெண்டு கவலை. ஒன்னு, இதெல்லாம் நிஜமாவே ஒரு வேலையா இல்ல நாலு வருஷத்துல காணாமப் போற பேஷனாங்கறது. இன்னொன்ன நீங்க வாய்விட்டு சொல்லல, ஆனா எழுதினதுலயே தெரியுது, இவ்ளோ படிக்க வச்சு பொண்ண பெட்ஷீட் மாத்த அனுப்பறதாங்கற வருத்தம்.

வேலை நிஜம்தான் சார், அதுல சந்தேகமே வேணாம். பெரிய கம்பெனிங்க அவங்க ஸ்டாஃப ஒரு ஹோட்டல்ல தங்க வைக்கறதுக்கு முன்னாடி, உங்ககிட்ட ஒரு ரூம்ல ஒரு நைட் தங்கினா எத்தன கிலோ கார்பன்னு ஃபார்ம் அனுப்பிக் கேக்கறாங்க, ஏன்னா அந்த ஸ்டே அவங்களோட கார்பன் கணக்குல ஸ்கோப் 3ங்கற தலைப்புல, அதாவது அவங்க நேரா வெளிய விடாம அவங்களுக்காக மத்தவங்க விடற கார்பன்ல, போய் ஏறுது. ஆளாளுக்கு ஒரு கணக்கு போடாம எல்லா ஹோட்டலும் ஒரே மாதிரி போடணும்னுதான் 2012ல ஹெச்சிஎம்ஐனு ஒரு முறை வந்துச்சு, 2016ல தண்ணிக்கும் அதே மாதிரி ஒன்னு. சட்டமும் இறுகிக்கிட்டே வருது. கலிஃபோர்னியால 50 ரூமுக்கு மேல இருக்கற ஹோட்டல்ல குட்டி குட்டி பிளாஸ்டிக் ஷாம்பு பாட்டிலுக்கு 2023லேந்து தடை. ஐரோப்பிய யூனியன்ல 2026 செப்டம்பர் 27லேந்து ஆதாரம் இல்லாம சும்மா எகோ ஃப்ரெண்ட்லி, கிரீன்னு போட்டு விளம்பரம் பண்ண முடியாது. அப்போ ஒவ்வொரு ஹோட்டலுக்கும் அந்த ஆதாரத்த மாசாமாசம் சேத்து வைக்க ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆள்தான் உங்க பொண்ணு ஆக ஆசப்படறது.

ஆனா அந்த சீட்டுக்கு நேரா கோர்ஸ் முடிச்சுட்டு போய் உக்காந்தவங்க சிரமப்படறத நான் பாத்துருக்கேன். எக்ஸெல் ஷீட் அழகா போடுவாங்க, அதுல இருக்கற நம்பர் எங்கேந்து வருதுன்னு தெரியாது. கீழ வேலை பாத்து மேல வந்தவங்களுக்கு அந்த பிரச்சனை வராது, இத நான் அடிச்சு சொல்றேன்.

டவல் விஷயத்தையே எடுத்துக்கோங்க. பாத்ரூம்ல ஒரு கார்டு இருக்கும், டவல தொங்க விட்டா மறுபடி யூஸ் பண்ணிக்கறேன்னு அர்த்தம், கீழ போட்டா மாத்தணும்னு அர்த்தம். 1986ல ஜே வெஸ்டர்வெல்ட்ங்கற அமெரிக்கர் கிரீன்வாஷிங்ங்கற வார்த்தைய எழுதினதே இந்த மாதிரி டவல் கார்ட பத்திதான், அதாவது பூமிய காப்பாத்தறேன்னு சொல்லிட்டு லாண்டரி செலவ மட்டும் காப்பாத்தறாங்கன்னு. 2008ல வந்த ஒரு ஆராய்ச்சில ஹோட்டல் ரூம்லயே வச்சு டெஸ்ட் பண்ணாங்க, சுற்றுச்சூழலுக்காக பண்ணுங்கன்னு எழுதின கார்டுக்கு 35 சதவீதம் பேர் டவல மறுபடி யூஸ் பண்ணாங்க, இங்க தங்கற பெரும்பாலானவங்க பண்றாங்கன்னு எழுதினதுக்கு 44 சதவீதம், அடுத்த டெஸ்ட்ல இதே ரூம்ல தங்கினவங்க பண்ணாங்கன்னு எழுதினதுக்கு 49 சதவீதம். இதெல்லாம் கோர்ஸ்லயே சொல்லித் தருவாங்க. கோர்ஸ்ல வராதது என்னன்னா, கெஸ்ட் ஒழுங்கா தொங்க விட்டுட்டுப் போன டவலையும் ரூம் அட்டெண்டண்ட் எடுத்து லாண்டரி பைல போட்டுட்டு புதுச வைக்கறது. ஏன்? பழைய டவல் கசங்கி இருக்கறத சூப்பர்வைசர் பாத்தா திட்டு விழும், கெஸ்ட் கம்ப்ளெயின்ட் பண்ணா அத விட பெரிய திட்டு, மாத்திட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அந்தம்மாவ குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. செக்லிஸ்ட்ல தொங்கற டவல எப்படி மடிச்சு வைக்கணும்னு ஒரு வரி சேத்து, மாத்தாததுக்கு திட்டக்கூடாதுன்னு சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லணும், அவ்ளோதான் தீர்வு. ஆறு மாசம் ஹவுஸ்கீப்பிங் ட்ராலிய தள்ளின ஒருத்திக்குத்தான் இது தோணும்.

இன்னொன்னு சொல்றேன். என்கிட்ட ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் ஒரு ஹோட்டல்ல இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட்ல நைட் ஷிஃப்ட் பாத்தான். ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவ, 4 மணிக்கு ஒரு தடவ மெயின் வாட்டர் மீட்டர் ரீடிங் எடுத்துப் பாத்துருக்கான். லாண்டரி மூடியாச்சு, கிச்சன் மூடியாச்சு, கெஸ்ட் எல்லாம் தூங்கறாங்க, அப்பவும் மீட்டர் நிக்காம ஓடுது. பைப் ஏதோ உடைஞ்சிருக்குன்னு நினைச்சு நாலு நாள் தேடினான், ஒன்னும் இல்ல. கடைசில ஒரு ரூம் அட்டெண்டண்ட் சாதாரணமா சொன்னாங்களாம், அந்த ஃப்ளோர்ல சில டாய்லெட்ல எப்பவும் மெல்லிசா ஒரு சத்தம் வரும் தம்பின்னு. ஃப்ளஷ் டேங்க்ல கலர் சொட்டு விட்டு, ஃப்ளஷ் பண்ணாம கால் மணி நேரம் விட்டுப் பாத்தா கலர் கீழ கிண்ணத்துல இறங்கி இருக்கு, டேங்க் அடில இருக்கற ரப்பர் தேஞ்சு தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ரூம் ரூமா அந்த ரப்பர மாத்தினாங்க, ராத்திரி மீட்டர் கிட்டத்தட்ட நின்னுடுச்சு. அந்தம்மாவுக்கு அந்த சத்தம் ரொம்ப நாளா தெரியும் சார், யாரும் கேக்கல.

அதனாலதான் ஹவுஸ்கீப்பிங்ல போய் நிக்கட்டும்னு சொல்றேன். சும்மா நின்னா பத்தாது, ஒரு நோட்டு கைல இருக்கணும். நேத்து எத்தன ரூம்ல ஆள் இருந்தாங்க, எத்தன கிலோ துணி லாண்டரிக்குப் போச்சு, எத்தன லிட்டர் தண்ணி, எத்தன யூனிட் கரண்ட், எல்லாத்தையும் ஆள் இருந்த ரூம் எண்ணிக்கையால வகுக்கணும். உதாரணத்துக்கு 150 ரூம்ல ஆள் இருந்த அன்னிக்கு 90 ஆயிரம் லிட்டர் ஓடுச்சுன்னா ரூமுக்கு 600 லிட்டர், மறுநாள் 100 ரூம்தான் ஆனா 80 ஆயிரம்னா ரூமுக்கு 800, மொத்தத்துல தண்ணி குறைஞ்ச மாதிரி தெரியும் ஆனா எங்கயாவது வீணாகுதான்னு தேடணும். இந்த வகுத்தல் தெரியாம எந்த ரிப்போர்ட்டும் எழுத முடியாது.

கிச்சன் பக்கமும் ஒரு ரெண்டு மாசம் கேட்டு வாங்கட்டும். பஃபே முடிஞ்ச உடனே மிச்சம் ஆனத வகை வாரியா தராசுல வைக்கறது, தயாரிக்கும்போது வீணானது தனி, பஃபேல மிஞ்சினது தனி, தட்டுல விட்டது தனி. 2018ல 15 நாடுகள்ல 42 ஹோட்டல்கள வச்சுப் பாத்ததுல, சாப்பாடு வீணாகறத குறைக்க போட்ட ஒவ்வொரு 1 டாலருக்கும் சராசரியா 7 டாலர் மிச்சம் ஆச்சு. ஜெனரல் மேனேஜர் காதுல ஏறக்கூடிய பேச்சு இதுதான்.

இன்ஜினியரிங் அவளுக்கு அந்நியமா இருக்கும், பரவால்ல, அடிப்படைய கத்துக்கட்டும். ஏசி ஃபேன் வேகத்த 80 சதவீதமா குறைச்சா கரண்ட் ஏறக்குறைய பாதியா இறங்கிடும், அதுக்குத்தான் விஎஃப்டினு வேகத்த ஏத்தி இறக்கற ஒரு கருவி மாட்டறாங்க. வெளிக்காத்துல இருக்கற சூட்ட இழுத்து தண்ணிய சூடாக்கற ஹீட் பம்ப், 1 யூனிட் கரண்ட் எடுத்துக்கிட்டு சுமார் 3 யூனிட் அளவுக்கு சூடு தரும். அதே சமயம் எங்க கை வைக்கக்கூடாதுன்னும் தெரியணும். ஹீட்டர் டேங்க்ல தண்ணிய 60 டிகிரில வைக்கறாங்கன்னா அது வீண் செலவு இல்ல, 20லேந்து 45 டிகிரி வரைக்கும் லெஜியோனெல்லாங்கற பாக்டீரியா வளரும், ஷவர் தண்ணி தூவல் வழியா நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சம் புடிக்கறேன்னு யாராவது 45க்கு குறைச்சா தடுத்து நிறுத்தறதும் சஸ்டைனபிலிட்டி ஆளோட வேலைதான்.

சர்டிஃபிகேட் பத்தி கேட்டீங்க. லீட், எர்த்செக், டென்மார்க்ல 1994ல ஆரம்பிச்ச கிரீன் கீ, இதெல்லாம் சுற்றுச்சூழல் விஷயத்துல ஒழுங்கா இருக்கற கட்டடத்துக்கோ ஹோட்டலுக்கோ குடுக்கற சர்டிஃபிகேட், ஆளுக்கு இல்ல. ஜிஎஸ்டிசி உலக அளவுல சுற்றுலாத் துறையோட சஸ்டைனபிலிட்டிக்கு பொதுவான அளவுகோல் போடற அமைப்பு, அவங்க நேரா ஹோட்டலுக்கு சர்டிஃபிகேட் குடுக்கறது இல்ல, ஆனா தனி ஆளுக்கு ட்ரெய்னிங் நடத்தறாங்க. தனி ஆளுக்குன்னா லீட் கிரீன் அசோசியேட் பரீட்சை இருக்கு, வேலை அனுபவம் கேக்க மாட்டாங்க, வேலை பாத்துக்கிட்டே எழுதலாம். ஐஎஸ்ஓ 50001ங்கறது ஒரு நிறுவனம் எனர்ஜிய எப்படி நிர்வகிக்கணும்னு சொல்ற ஸ்டாண்டர்ட், அத ஒரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம். முழுநேர கோர்ஸ் வேணும்னா வேலைல ரெண்டு வருஷம் ஆனப்புறம் போகட்டும், அப்போ க்ளாஸ்ல சொல்ற ஒவ்வொன்னும் அவளுக்கு ஒரு ஃப்ளோரோட, ஒரு மீட்டரோட சேந்து புரியும். அதுக்கு முன்னாடி போனா மனப்பாடம்தான்.

பெட்ஷீட் மாத்தறதுல குறைச்சல் ஒன்னும் இல்ல சார், கஷ்டமான வேலை, முதுகு வலிக்கும், முதல் மூணு மாசம் அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணுவா, அப்போ வேலைய விட்டுட்டு வான்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆனா ஒரு வருஷம் ஆகியும் வேற டிபார்ட்மெண்ட் பாக்கவே விடலன்னா ஹோட்டல மாத்தலாம், அதுல தயக்கம் வேணாம்.

ஜாயின் பண்றதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. இங்க கரண்ட், தண்ணி, லாண்டரி கணக்க மாசாமாசம் யார் வச்சிருக்காங்க, ட்ரெய்னிங் டைம்ல நான் அவங்ககூட ஒரு வாரம் உக்காரலாமான்னு. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு அனுப்புங்க, அத வச்சு அடுத்து பேசலாம்.